புளிச்சிக்காய் வெள்ளமும் கம்பெனி மெடிக்கலும்

ஆஸ்பத்திரி மருந்தகத்தில் என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் அனிஷா போன வாரம் போனில் கூப்பிட்டாள். கொலஸ்ட்ரால் மாத்திரை வாங்க வருகிறவர்களிடம் சாப்பாட்டைப் பற்றி என்னென்ன கேட்க வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். மருந்துக்கும் மருந்துக்கும் ஆகாதது எல்லாம் கம்ப்யூட்டரில் சிவப்பு எழுத்தில் வந்துவிடுகிறதாம். நம் ஊர் சாப்பாடுதான் அதற்கு அவ்வளவாகப் பிடிபடவில்லையாம்.

"ஒரு பக்கம் போதும்க்கா. நீங்க தொடங்குனா நிறுத்த மாட்டிய, கேட்டியளா?" என்றாள்.

அவள் கேட்ட ஒரு பக்கத்தை எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆனால் எழுதி முடித்து பேனாவை மூடிய பிறகும் அந்த மருந்தக ஜன்னலும் அதன் வழியாக நீண்ட கைகளும் மனதை விட்டுப் போகவில்லை. வேலையை விட்டு வந்த புதிதில் நிம்மதியாகத்தான் இருந்தது. இப்போது, உண்மையைச் சொன்னால், ஏக்கமாக இருக்கிறது. ஒரு பக்கத்தில் அடங்காத மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

பார்மசி டிப்ளமோ முடித்தேன், கல்யாணம் ஆனது, வேலை கிடைத்தது. மூன்றும் மூச்சு விடாமல் ஒன்றன் பின் ஒன்றாக நடந்தன. என் வீட்டுக்காரர் ஸ்டீபனுக்கு மஸ்கட்டில் ஏசி மெக்கானிக் வேலை. கல்யாண ஆல்பம் பைண்டிங் ஆகி வருவதற்குள் மாப்பிள்ளை விமானம் ஏறிவிட்டார். ஆல்பத்தைத் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். வீட்டில் உட்கார்ந்து அழுவதை விட எங்கேயாவது போய் நிற்கலாம் என்றுதான் கருங்கல் பக்கத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் மருந்தகத்தில் சேர்ந்தேன். ஓய்வு பெறும் வரை அங்கேயே நின்றுவிட்டேன்.

அங்கே தலைமை மருந்தாளுநர் வேலப்பன் சார். ஐயாவழிக்காரர். நெற்றியில் வெள்ளை நாமம் இல்லாமல் ஒரு நாளும் அவரை நான் பார்த்ததில்லை. ஒல்லியான மனிதர், சத்தம் போட்டுப் பேசத் தெரியாது. ஜன்னலுக்கு ஆள் வந்தால் மருந்துச் சீட்டைப் பார்க்க மாட்டார். முதலில் அவர்கள் கையில் இருக்கும் பையைப் பார்ப்பார். எங்கள் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் பாதிப்பேர் கருங்கல் சந்தைக்குப் போய்விட்டு அப்படியே வருகிறவர்கள். பையில் மீன் இருக்கும், மரச்சீனிக் கிழங்கு இருக்கும், மட்டி வாழைப்பழம் இருக்கும், பேரப்பிள்ளைக்கு வாங்கிய ரசவடை எண்ணெய் வடிந்து கொண்டிருக்கும்.

"சாளை என்ன வெலைக்குக் கிட்டிச்சு?" என்று தொடங்குவார். விலையைக் கேட்டு வாயைப் பிளப்பார். அதற்குள் பைக்காரர் குஷியாகி, பையை விரித்தே காட்டிவிடுவார். அந்த வீட்டில் அன்றைக்கு என்ன கறி, எவ்வளவு தேங்காய் அரைப்பார்கள், யாருக்கு எது பிடிக்கும் என்பதெல்லாம் சீட்டை வாங்குவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்திருக்கும். எனக்கு முதலில் இது வெட்டிப்பேச்சாகத்தான் பட்டது. வரிசை நீண்டுகொண்டே போகும், நான் உள்ளுக்குள் பொருமுவேன்.

சேர்ந்த புதிதில் நான் படித்தபடி கேட்பேன்: "வேற ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா?" எல்லோரும் "இல்ல" என்பார்கள். நானும் திருப்தியாக மாத்திரையைக் கொடுத்து அனுப்புவேன். ஒரு நாள் வேலப்பன் சார் என்னைப் பின்பக்கம் கூப்பிட்டார்.

"ஜாய்சி பிள்ளே, மருந்துண்ணு கேட்டா இல்லண்ணுதான் சொல்லுவாவ. அவியளுக்கு மருந்துண்ணா நாம குடுக்குததுதான். வீட்டு முற்றத்துல நிக்கிய மரத்துல பறிச்சுத் திங்குதது மருந்தா? என்னமும் குடிக்கச் சொல்லி ஆராவது சொன்னாவளாண்ணு கேளு. அப்பம் பாரு."

மறுநாள் அப்படியே கேட்டேன். வந்து கொட்டியது. வெந்தயம், பூண்டு, முருங்கையிலைச் சாறு, எருமைப்பால் மோர், பக்கத்து வீட்டு அத்தான் சொன்ன கஷாயம், பத்திரிகையில் வந்த வைத்தியக் குறிப்பு. இவ்வளவையும் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டுதான் இத்தனை நாள் என்னிடம் இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். பொய் இல்லை, அவர்கள் கணக்கில் அது உண்மை.

மாத்திரை கொடுப்பதிலும் சாருக்கு ஒரு முறை உண்டு. மாத்திரைப் பட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டும்போது காலாவதி தேதி அச்சடித்த ஓரம் கடைசித் துண்டில் வருகிற மாதிரி வெட்டுவார். அந்தத் துண்டைக் கடைசியில்தான் பிரிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பார். அந்தக் காலத்துக் கொலஸ்ட்ரால் மாத்திரையை ராத்திரியில் போட வேண்டும் என்பதால் உறையின் மேல் ஒரு நிலா வரைவார். அருமனைப் பக்கத்து ஒரு வயசான பாட்டா அந்த முழு வட்டத்தைப் பார்த்துவிட்டு பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஒரு மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார். அதைக் கண்டுபிடித்ததிலிருந்து சார் நிலாவுக்குக் கீழே ஒரு பாயும் தலையணையும் வரையத் தொடங்கினார். நாங்கள் சிரிப்போம். அவர் சிரிக்க மாட்டார், தலையணைக்கு உறை கூட வரைவார்.

ஒரு சந்தை நாளில் ஒரு வாத்தியாரின் பையில் பெரிய பம்பளிமாஸ் பழம் இருந்தது. எங்கள் பக்கம் முற்றத்தில் நிற்கும், தேங்காய் பருமனுக்குக் காய்க்கும். வாத்தியார் தொடை வலிக்கிறது, படி ஏற முடியவில்லை என்று டாக்டரைப் பார்க்க வந்திருந்தார். இனிப்பு சாப்பிடாதே என்று டாக்டர் சொன்ன நாள் முதல் அவருக்கு ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பம்பளிமாஸ். முழுப்பழம். அதன் மேலே கொலஸ்ட்ரால் மாத்திரை. அந்தப் பழத்தில் இருக்கும் ஒரு சத்து, மாத்திரையைக் குடல் உடைத்துப் பாதியைக் கழிக்கிற வேலையை நிறுத்திவிடும். அப்போது ஒரு மாத்திரை போட்டாலும் நாலைந்து போட்ட மாதிரி ரத்தத்தில் ஏறும், தசை வலிக்கும். சார் டாக்டரம்மாவுக்கு போன் செய்தார். பழத்தை நிறுத்தச் சொல்லிவிடலாமா என்று அம்மா கேட்டார்.

"அந்த மரத்த அவரு வச்சதாக்கும் டாக்டரே. வேற மாத்திரைக்கு மாத்தினா மரமும் நிக்கும், ஆளும் நிப்பாரு. பழத்தோட சண்டை போடாத மாத்திரை இருக்குல்லா."

டாக்டரம்மா சிரித்துக்கொண்டே மாற்றி எழுதினார். அதன் பிறகு ஒவ்வொரு பருவத்திலும் எங்கள் மருந்தகத்துக்கு அந்த வீட்டுப் பம்பளிமாஸ் வரும்.

குளச்சலிலிருந்து வரும் மீன்காரப் பெண்களிடம் பேசுவது தனி சுகம். மீன்பிடி வள்ளம் வைத்திருக்கிற வீட்டுக்காரி ஒருத்திக்கு மீன் எண்ணெய் மாத்திரை எழுதியிருந்தது. கையில் வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"இது எங்க மாமனாரு வள்ளத்துக்குப் பூசுத சாதனமில்லியா! ஏட்டி, என்னைய வள்ளமாக்கிப் போட்டிய!"

வரிசை முழுக்கச் சிரித்தது. பேசிப் பார்த்ததில், கொலஸ்ட்ரால் என்று சொன்ன நாளிலிருந்து அவள் மீனையே நிறுத்திவிட்டு, பரோட்டாவும் பொரித்த கோழியும் தின்றுகொண்டிருந்தது தெரிந்தது. கடலோரத்தில் பிறந்தவள், இதயத்துக்கு நல்லது என்று ஊரெல்லாம் வாங்கித் தின்னும் சாளை மீனைத் தலையில் சுமந்து விற்றுவிட்டு, தனக்குக் கோழிக்கால் வாங்கிப் போகிறாள். நல்லா வாயில் வந்ததைச் சொல்லித் திட்டினேன். மறுபடியும் வந்தபோது, "நீ ஏசுனதுல எனக்கு இப்பம் மீன் கறி மணக்குது" என்றாள்.

இப்படி எல்லோருடைய அடுக்களைக்குள்ளும் புகுந்து பார்த்த எனக்கு, என் சொந்த வீட்டுக்காரர் என்ன சாப்பிடுகிறார் என்று பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. ஸ்டீபனுக்கும் இளவயதிலேயே கொலஸ்ட்ரால் கூடுதல்தான், அவர்கள் குடும்பத்திலேயே அப்படி. லீவுக்கு வந்துவிட்டுப் போகும்போது மாத்திரை கட்டிக் கொடுப்பேன். பிறகு ஊருக்கு வந்து போகிறவர்கள் கையில் கொடுத்து அனுப்புவேன். தினமும் போனில் பேச்சு இப்படித்தான் இருக்கும்: மத்தியானம் என்ன? குபூஸ் ரொட்டி. கூட என்ன? பருப்பு. வெறும் பருப்பா? கொஞ்சம் கோழி. பொரிச்சதா? அங்கே ஒரு மௌனம் வரும், பொரித்ததுதான் என்று தெரிந்துவிடும். மற்ற புருஷன் பெண்டாட்டிகள் போனில் என்ன பேசுவார்களோ தெரியாது. எங்கள் காதல் பேச்சே இதுதான்.

அவர் வேலையை விட்டு ஒரேயடியாக ஊருக்கு வந்தபோது எங்கள் இரண்டு பேர் தலையும் நரைத்திருந்தது. இரண்டு பலாச்சக்கைப் பருவம் என்னோடு இருந்தார். மாமரத்தடியில் உட்கார்ந்து சக்கைச்சுளை பிரித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. மொத்தக் கல்யாண வாழ்க்கையில் அவர் என் கையால் சாப்பிட்ட நாட்கள் ரொம்பக் குறைவு. அவற்றை நினைப்பதில்லை என்று பொய் சொல்ல மாட்டேன், தினமும் நினைக்கிறேன்.

இனி ஷைனி என்ற பெண்ணின் வீட்டுக்காரர் சுரேந்திரனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அனிஷாவும் மற்றப் பிள்ளைகளும் அடிக்கடி கேட்பது இவர் கதையைத்தான்.

சுரேந்திரன் அருமனைக்காரர். சவுதியில் ஒரு கம்பெனியில் கிரேன் ஓட்டுகிறவர். அப்போது ஸ்டீபனும் மஸ்கட்டில்தான் இருந்தார். கிரேன் ஓட்டுகிறவர்களுக்கு அந்தக் கம்பெனி வருஷாவருஷம் மெடிக்கல், அதாவது உடல் பரிசோதனை, வைக்கும். போன மெடிக்கலில் கொலஸ்ட்ரால் எக்கச்சக்கமாகக் கூடியிருப்பதைப் பார்த்து, லீவு முடிந்து திரும்பும்போது இது குறையவில்லை என்றால் கிரேனில் ஏற்ற மாட்டோம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்த லீவில்தான் எங்கள் டாக்டரம்மாவிடம் வந்து மாத்திரை தொடங்கினார். ஜன்னலில் அவரிடம் பேசியது நான்தான். பையில் ஒன்றும் இல்லை, பைக்கில் வந்திருந்தார். கேட்க வேண்டியதைக் கேட்டேன். அன்றைக்கு அவரை யாரும் எதையும் குடிக்கச் சொல்லியிருக்கவில்லை, அதனால் இல்லை என்றார்.

சில வாரம் கழித்து அவரை வார்டில் சேர்த்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. இடுப்பு வலி, வாந்தி, ஓயாத விக்கல். மூத்திரம் சரியாகப் போகவில்லை. சிறுநீரகம் வேலை செய்கிறதா என்று பார்க்கும் கிரியேட்டினின் ஏறிக் கிடந்தது. புதிதாகத் தொடங்கிய மாத்திரை மேல்தான் முதல் சந்தேகம் போகும். அபூர்வமாக அது தசையை உடைத்து, உடைந்தது சிறுநீரகத்தில் போய் அடைத்துக்கொள்ளும். டாக்டரம்மா உடனே மாத்திரையை நிறுத்தினார். தசை உடைந்ததா என்று ரத்தம் பார்த்தார். உடையவில்லை. மாத்திரையை நிறுத்தியும் கிரியேட்டினின் நிற்கவில்லை, நாளுக்கு நாள் ஏறியது.

டாக்டரம்மா மருந்தகத்துக்கே இறங்கி வந்தார். அவர் அப்படி வருவது அபூர்வம். "சாரே, இவர் என்னமோ சாப்பிடுறார். நான் கேட்டா இல்லைங்கிறார். உங்க ஆளுங்க போய்க் கேளுங்க" என்றார். வேலப்பன் சார் என்னைப் பார்த்தார்.

"பிள்ளே, நீ போ. ஆணுட்ட கேக்காத. அடுக்களைல நிக்கியது ஆரோ, அவியட்ட கேளு."

நான் போனபோது ஷைனி கட்டிலுக்குக் கீழே பாய் விரித்து உட்கார்ந்திருந்தாள். சின்னப் பெண், கண்ணெல்லாம் வீங்கிப் போயிருந்தது. சுரேந்திரன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார், விக்கல் வரும்போதெல்லாம் உடம்பு தூக்கிப் போட்டது. மருந்து, கஷாயம் என்று நான் ஒன்றும் கேட்கவில்லை. அவள் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தேன். எனக்க மாப்பிளயும் கல்ஃபுலதான் என்றேன். அவ்வளவுதான், என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"லீவுக்கு வந்தா நீ என்ன வச்சுக் குடுப்ப?" என்று கேட்டேன்.

"எல்லாம் வச்சுக் குடுக்கணும்னு ஆசைதான்க்கா. இந்தத் தடவை ஒண்ணும் குடுக்கல்ல. தேங்கா இல்லாத கறி, எண்ணெ இல்லாத தோசை. அவியளுக்கு மெடிக்கல் பாஸ் ஆவணும்லா. காலத்த எந்திரிச்சதும் வெறும் வயித்துல புளிச்சிக்காய் வெள்ளம். பொறவு கஞ்சி."

எங்கள் பக்கம் வெள்ளம் என்றால் தண்ணீர், சாறு; புளிச்சிக்காயும் இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான். மேற்கே சிலர் பிலிம்பி என்பார்கள். மரத்தின் அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகப் பச்சையாகக் காய்க்கும். கடித்தால் கண் மூடிப்போகும் புளிப்பு. மீன் கறிக்கும் அவியலுக்கும் போடுவோம், ஊறுகாய் போடுவோம். எங்கள் வீட்டிலும் நிற்கிறது.

"எவ்வளவு குடுப்ப?"

"மொதல்ல ஒரு கிளாஸ். அவிய பிரெண்டு ஒருத்தரு சொன்னாரு, அதுல கொழுப்பெல்லாம் இளகிப் போவும்னு. பொறவு மெடிக்கலுக்கு நாள் அடுத்துதில்லியா, காலத்தயும் அந்திக்கும் பெரிய கிளாஸ்ல குடுத்தேன். மிக்சியில அடிச்சுப் பிழிஞ்சு, வெள்ளம் சேக்காம."

கட்டிலிலிருந்து சுரேந்திரன் திரும்பினார். "வெட்டுக்கத்தியில துரு பிடிச்சா இதத்தானே தேய்க்கோம்" என்றார், விக்கலுக்கு நடுவில். "இரும்புல உள்ளது போவுதுண்ணா, ரத்தக் குழாயில ஒட்டிக் கிடக்கியது போவாதா?"

அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது, அதுதான் பயமாக இருந்தது. எங்கள் ஊரில் எல்லோரும் அந்தக் காயால் துரு நீக்கியிருக்கிறோம். அதைச் செய்கிற புளிப்பு வயிற்றுக்குள் அந்த அளவில் போனால் எங்கே போய் என்ன செய்யும் என்று ஒருவரும் யோசித்ததில்லை. நானும் யோசித்ததில்லை.

"இஞ்ச வந்த பொறவு குடுக்கல்லல்லா?" என்று கேட்டேன்.

ஷைனி கட்டிலுக்கு அடியில் கையை விட்டு ஒரு பிளாஸ்டிக் குப்பியை எடுத்தாள். சீரக வெள்ளம் கொண்டு வருகிற குப்பி. உள்ளே கலங்கிய பச்சை நிறம்.

"மாத்திரையத்தான் டாக்டரு நிறுத்தியாச்சே அக்கா. இதயும் விட்டா பொறவு எப்பிடி கொறையும்? அதான் ஒரு நேரம் கூட்டிக் குடுக்கேன்."

குப்பியைத் தூக்கிக்கொண்டு படியில் ஓடினேன். வேலப்பன் சார் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார், நாக்கில் ஒரு துளி வைத்தார், முகம் கோணியது. "இது கறிக்கு வேண்டிய புளிப்பில்ல" என்று மட்டும் சொன்னார். இருவரும் டாக்டரம்மா அறைக்குப் போனோம். அம்மா குப்பியைப் பார்த்ததும் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். திருவனந்தபுரத்தில் அவரோடு படித்த சிறுநீரக டாக்டர் இதே காயைப் பற்றி ஒரு தடவை சொல்லியிருக்கிறாராம். அந்தச் சாற்றில் ஆக்சலேட் என்ற உப்பு மிக அதிகம். வெறும் வயிற்றில் குடித்தால் அப்படியே ரத்தத்தில் ஏறி, சிறுநீரகத்தில் கண்ணாடிப் பொடி மாதிரி படிந்துவிடும். அன்றைக்கே சுரேந்திரனைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். அங்கே சிறுநீரகத்தில் ஊசி குத்திச் சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்ததில் அந்தப் பொடிதான் இருந்தது. டயாலிசிஸ் தொடங்கினார்கள்.

ஆம்புலன்சில் ஏறுவதற்கு முன் ஷைனி என்னைத் தேடி மருந்தக ஜன்னலுக்கு வந்தாள். அழவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"அக்கா, நான்தான் பிழிஞ்சேன். எனக்க கையாலதான் பிழிஞ்சேன். அவிய சவுதிக்குப் போவாண்டாம்னு மனசுல எவ்வளவு நாள் நெனச்சிருக்கேன். இருந்தும் அவிய போவணும்னுல்லா பிழிஞ்சேன்."

வேலப்பன் சார்தான் பின்னால் நின்று பேசினார். "மக்களே, மீன் கறியில நாலஞ்சு கிடந்தா அது ஒண்ணும் செய்யாது. நாளைக்கும் நீ கறி வைக்கணும். கிளாஸ்ல எடுத்ததுதான் தப்பு. அது ஒனக்குத் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. இப்பம் தெரியும். நீ பேடிக்காத, இது திரும்பி வரக்கூடிய சிறுநீரகம்தான்." மறுநாள் முதல் கொலஸ்ட்ரால் மாத்திரைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் முற்றத்தில் புளிச்சிக்காய் மரம் நிற்கிறதா என்று நாங்கள் கேட்கத் தொடங்கினோம். நிறையப் பேர் தலையாட்டினார்கள்.

சார் சொன்ன மாதிரி சிறுநீரகம் திரும்பியது, ஆனால் அவசரப்படவில்லை. டயாலிசிஸ் நின்றது, மூத்திரம் சரியானது, கிரியேட்டினின் பைய இறங்கியது. டாக்டரம்மா வேறு மாத்திரையைக் குறைந்த அளவில் தொடங்கினார். கொலஸ்ட்ராலும் அடங்கியது. ஆனால் கம்பெனியின் லீவு அதற்குள் முடிந்துவிட்டது. சுரேந்திரன் படுக்கையிலிருந்தே போன் செய்து பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். சிறுநீரகம் கெட்ட ஆளைக் கிரேனில் ஏற்ற முடியாது என்றார்கள். பிறகு வேறு ஆளை எடுத்துவிட்டார்கள். ஊருக்கு வந்த நாள் முதல் அவர் பயந்தது எதற்கோ, அதுவே நடந்துவிட்டது.

வெகு நாள் கழித்து, ஒரு மழைக்கால சந்தை நாளில் ஷைனி மாத்திரை வாங்க வந்தாள். நான் பையைப் பார்த்தேன். நெத்திலி, முருங்கைக்காய், ஒரு பெரிய பூசணித் துண்டு.

"எப்பிடி இருக்காவ?"

"சுகம்க்கா. ரப்பர் வெட்டுக்குப் போவுதாவ. அப்பன் காலத்துத் தோட்டம்தான், கொஞ்சம் மரம். காலத்த போய்ட்டு வெயில் ஏறுததுக்கு முன்ன வந்து, கஞ்சி எங்கேண்ணு கேக்குதாவ." சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பை மறைக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. "அவியளுக்கு சங்கடம்தான். கிரேனப் பத்தியே பேசிட்டிருக்காவ. மூஞ்சியப் பாத்தா பாவமா இருக்கும். எனக்கு மட்டும்... தினமும் கதவத் தட்டுத சத்தம் கேக்கும்போ மனசு நெறஞ்சு போவுதுக்கா. நான் இப்பிடி சந்தோஷப்படலாமா?"

"படலாம்" என்றேன். "நல்லா படு. நெத்திலியப் பொரிக்காத, கறி வை."

அவள் சிரித்துக்கொண்டே குடையை விரித்துப் போனாள். அந்தக் குடை வளைவு திரும்பி மறையும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பொறாமையாக இருந்தது. வேறு வார்த்தை இல்லை. அவள் புருஷனைக் காப்பாற்ற அந்தக் குப்பியைத் தூக்கிக்கொண்டு படியில் ஓடியவள் நான்தான். அவள் நன்றாக இருக்க வேண்டும் என்று உளமார நினைக்கிறவளும் நான்தான். ஆனாலும் அவள் வீட்டுக் கதவு தினமும் தட்டப்படுகிறது என்பதை என்னால் தாங்க முடியவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து நனைந்த சேலையை மாற்றுவதற்குள் போன் அடித்தது. ஸ்டீபன். அந்த வாரம்தான் அவருக்கும் கம்பெனி மெடிக்கல். அவருக்கும் கான்ட்ராக்ட் முடிகிற சமயம்.

போனை எடுத்து ஹலோ சொன்னால், அங்கே போய்ச் சேர்ந்து அவர் குரல் திரும்பி வருவதற்குள் சின்ன இடைவெளி ஒன்று இருக்கும். அந்த இடைவெளியில் நான் வேண்டிக்கொண்டேன். கர்த்தாவே, இந்த ஒரு தடவை இவருக்குக் கொலஸ்ட்ரால் கூடியிருக்கட்டும். பெரிய கேடு வேண்டாம், நெஞ்சுக்கு ஒன்றும் வர வேண்டாம், ஊருக்குத் திருப்பி அனுப்புகிற அளவுக்கு மட்டும் கூடியிருந்தால் போதும். மருந்தாளுநர் அல்லவா, அதையும் அளவு சொல்லித்தான் வேண்டினேன்.

"ஏட்டி, பாஸ் ஆயாச்சு!" என்றார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "டாக்டரு கேக்கான், இந்த வயசுல எப்பிடி இவ்வளவு நார்மலா வச்சிருக்கியண்ணு. எனக்க பெஞ்சாதி மருந்து குடுக்குதவளாக்கும், அவ சொன்னபடிதான் திம்பேன்னு சொன்னேன். கான்ட்ராக்டும் புதுக்கியாச்சு. எல்லாம் ஒனக்க புண்ணியம்."

வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. நான் ஏதாவது சொல்வேன் என்று அவர் அங்கே காத்திருந்தார்.

"நல்லது" என்றேன். "மாத்திரைய மட்டும் நிறுத்திராதிய."